ஒடுவந்தழையும் ஆய்வுக்கூட எலியும்: தென்னார்க்காட்டில் சிறுநீரக நச்சாய்வின் வரலாறு

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சுற்றிக் கிடக்கும் நிலப்பகுதி, 1993 செப்டம்பர் 30 அன்று தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபாகமாக இருந்தது. ஏரிப்பாசன நெல்லையும் கரும்பையும், இப்பகுதியினர் மல்லாட்டை என்றே சொல்லும் நிலக்கடலையையும் நம்பி வாழும் இந்நிலத்தின் மருத்துவ வரலாறு, கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியோடு பின்னிக் கிடக்கிறது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியாளர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து 1964இல் ஜிப்மர் என்னும் மத்திய அரசு நிறுவனமாக உருப்பெற்ற மருத்துவமனைக்கே, விழுப்புரம் பக்கத்து நோயாளிகள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்திருக்கின்றனர். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தது 2010இல்தான். இந்த மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படும் கடும் நோயாளிகளுள் கணிசமானோர் நச்சினால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதும், அந்நச்சுகளுள் பல சிறுநீரகத்தையே முதலில் தாக்குகின்றன என்பதும் இப்பகுதியின் மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த செய்தி. மருந்தும் நச்சும் சிறுநீரகத்தை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை விலங்குகளில் ஆராயும் துறை, உலகின் பிற இடங்களில் மருந்துத் தொழிற்சாலைகளின் தேவையால் வளர்ந்தது. வட தமிழகத்தில் அதன் மிகச் சிறந்த பக்கம் ஒடுவன் என்னும் காட்டு மரத்தின் இலையால் எழுதப்பட்டது.

மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது இரத்தத்தை வடிகட்டும் ஒரு நுண்முடிச்சும், வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியதை மீட்டு வேண்டாததைக் கழிக்கும் நீண்ட நுண்குழலும் சேர்ந்த ஓர் அலகு. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வுறுப்புக்கே வருவதாலும், வந்த பொருள்கள் நுண்குழலில் செறிவு கூடித் தேங்குவதாலும், உடலின் வேறெந்த இடத்திலும் தீங்கு செய்யாத அளவிலுள்ள ஒரு மருந்துகூட இங்கே தீங்கு செய்துவிடக்கூடும். நோயாளியின் சிறுநீரகத்தை அறுத்து, எந்தப் பகுதி எந்த மணி நேரத்தில் கெட்டது என்று பார்க்க முடியாது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் உயர்ந்திருப்பது தெரியவரும்போது உறுப்பின் வேலைத்திறனில் பெரும்பகுதி போயிருக்கும். எலி, முயல், நாய் ஆகியவற்றை இவ்வாய்வு நாடியதற்குக் காரணம் இதுவே.

இம்முறையின் தொடக்கம் பழையது. பாதரச உப்புகளை விலங்குகளுக்குக் கொடுத்து நுண்குழல் செல்கள் மடிவதைப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்ஸும் வெர்னும் தவளையின் ஒற்றை வடிமுடிச்சில் கண்ணாடி ஊசியைச் செலுத்தி, சிறுநீர் முதலில் வடிகட்டலால்தான் உண்டாகிறது என்பதை நேரடியாகக் காட்டினர். ஆய்வுக்கூட விலங்கு சட்டத்துக்குள் நுழைந்ததற்கு ஒரு பெருந்துயரம் காரணமாயிற்று. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் கலந்து விற்றபோது, குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். சிகாகோவில் எலிகளுக்கும் முயல்களுக்கும் நாய்களுக்கும் மருந்தையும் கரைப்பானையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து, கொன்றது கரைப்பானே என்று கண்டறிந்தனர். மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டே அந்நாட்டில் வந்தது. இந்தியாவின் மருந்துச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது.

தமிழ் மண்ணில் எலியைச் சிறுநீர் நோய்க்காக வளர்த்தவர்களுள் முன்னவர் இராபர்ட் மெக்காரிசன். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் தொடங்கிய அவருடைய உணவாய்வு, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து உடல்நலத்தை ஒப்பிட்டதால் உலகப் புகழ் பெற்றது. 1920களின் பிற்பகுதியில், வைட்டமின் ஏ குறைந்த உணவைக் கொடுத்து எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் உண்டாக்கிக் காட்டியதும் அவர்தான். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்திய ஆய்வுக்கூடங்களுக்கு எலி வளர்த்துக் கொடுக்கும் பெரும் பண்ணையும் அங்கேயே நிலைபெற்றது. மக்களின் அன்றாட வாழ்விலிருந்து ஒரு கேள்வியை எடுத்து விலங்கிடம் கேட்பது என்னும் மெக்காரிசனின் வழி, பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒடுவந்தழை ஆய்வில் மீண்டும் தென்பட்டது.

ஒடுவன் என்பது கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளிலும் அவற்றை ஒட்டிய புதர்க்காடுகளிலும் வளரும் சிறு மரம். சோழமண்டலக் கரையின் தாவரங்களை வண்ணப்படங்களுடன் வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் இதனை விவரித்தார். பின்னாளில் பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுதி இதனைக் கிளைஸ்டாந்தஸ் கோலினஸ் என்று வகைப்படுத்தியது. இம்மரம் நச்சுடையது என்பதை மலையடிவார மக்கள் நூல்களின் துணையின்றியே அறிந்திருந்தனர். ஆடுமாடு மேய்ப்போர் அதனை விலக்கியே ஓட்டினர். கிராமப்புறத் துயரங்களில், குறிப்பாக இளவயதினரின் துயரங்களில், இத்தழை இடம்பெறத் தொடங்கியபோது, தென்னார்க்காடு, வட ஆர்க்காடு மாவட்டங்களின் மருத்துவர்கள் பாடநூல்களில் இல்லாத ஒரு நோயை எதிர்கொண்டனர். வந்தவர் முதல் நாளில் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும். சில நாள்களில் நிலை திடீரென மோசமாகும். பொட்டாசியத்தை ஈடுசெய்தும் சிலர் இறந்தது ஏன் என்பதற்கு விடை இல்லை.

விடை பல கைகளால், ஒன்றையொன்று அறிந்தும் அறியாமலும், சிறிது சிறிதாகக் கட்டப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கிப் பின் மும்பையின் சிபா ஆய்வு மையத்துக்குச் சென்ற டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும் 1969இல் இம்மரத்தின் வேதிப்பொருள்களை ஆராய்ந்து வெளியிட்டனர். கிளைஸ்டாந்தின் என்ற பெயர் அவ்வாறு அறிவியலுக்குள் வந்தது. தமிழ்நாடு தடய அறிவியல் துறை 1984இல், பி. சந்திரசேகரன் தலைமையில், இந்நச்சுப் பொருள்களை ஒளிர்வை அளந்து கண்டறியும் முறையை வெளியிட்டது. பிணப் பரிசோதனைக்கு வந்த உறுப்புகளில் இந்நச்சு இருந்ததா இல்லையா என்று நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அத்துறைக்கு இருந்ததே இதற்குக் காரணம். அறிவியல் வரலாறுகளில் தடய அறிவியல் கூடங்களுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை. தமிழ்நாட்டில் நச்சியல் வளர்ந்ததில் அவற்றின் பங்கு மருத்துவக் கல்லூரிகளின் பங்குக்குக் குறைந்ததன்று.

1991இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இந்நச்சு உடலின் வேதிச் சமநிலையையும் இதயத்தையும் ஒருங்கே பாதிப்பதை நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு விவரித்தனர். 1997இல் சென்னையின் கால்நடை நச்சியலாளர்கள் முயல்களில் இதனைச் சோதித்து, செல்களைக் காக்கும் குளுட்டாதயோன் குறைவதையும், செல்லின் சவ்வில் உப்புகளை ஏற்றி இறக்கும் ஏடிபேஸ் என்னும் நொதிகள் மந்தமாவதையும் அளந்தனர். இருந்தும், பொட்டாசியம் எங்கே போகிறது என்ற கேள்வி நின்றது. அது சிறுநீர் வழியே போகிறது என்பதையும், அதற்குக் காரணம் நுண்குழலின் கடைப்பகுதி என்பதையும் 2010இல் வெளிவந்த வேலூர் மருத்துவமனை ஆய்வு நோயாளிகளிடமே காட்டியது. உடலில் அன்றாடம் சேரும் அமிலத்தை நெஃப்ரானின் கடைக்குழல் செல்கள் சிறுநீருக்குள் தள்ளுகின்றன. அவற்றின் மேற்சவ்விலுள்ள புரோட்டான் பம்ப் என்னும் புரத அமைப்பு இவ்வேலையைச் செய்கிறது. அது நின்றுபோனால், இரத்தம் அமிலமாகிக்கொண்டே போகச் சிறுநீர் மட்டும் அமிலத்தன்மை ஏறாமல் வெளிவரும். கூடவே பொட்டாசியமும் வெளியேறும். கடைக்குழல் அமிலத்தேக்கம் எனலாகும் இந்நிலை பிறவிக் கோளாறாகவும் சில நோய்களின் விளைவாகவும் முன்பே அறியப்பட்டிருந்தது. ஓர் இலை அதனைச் சில மணி நேரத்தில் உண்டாக்கும் என்பது புதிய செய்தி.

நோயாளியிடம் அதற்கு மேல் பார்க்க இயலாத இடத்தில் எலி வந்தது. 2010-11இல் வெளிவந்த ஆய்வுகளில் வேலூர் உடலியங்கியல் துறையினர் எலிகளுக்கு இலைச் சாற்றைச் செலுத்தி, தமனி இரத்தத்தின் அமிலநிலையையும் வாயுக்களையும் சிறுநீரின் தன்மையையும் ஒன்றாக அளந்தனர். இரத்தம் அமிலமாக இருக்கச் சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தது. சிறுநீரக நுண்குழல் சவ்வில் புரோட்டான் பம்பின் செயல்பாடு குன்றியிருந்தது. இவ்வாய்வுகளின் மிகப் பெரிய பயன் வேறொன்று. இரத்தம் அமிலமாகும்போது உடல் வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றி ஈடுகட்டும். இந்த எலிகளில் மாறாகக் கரியமில வாயு தேங்கியது. அதாவது மூச்சுத்தசைகளும் மூச்சை இயக்கும் ஏற்பாடும் தளர்ந்துபோயின. இதயத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரின் கவனத்தை மூச்சின் பக்கம் இது திருப்பியது. செயற்கை மூச்சுக் கருவியை முன்கூட்டியே பயன்படுத்துவதற்கு வலுவான காரணமும் கிடைத்தது. அதே ஆண்டுகளில் புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையில், இலையிலிருந்து பிரித்தெடுத்த கிளைஸ்டாந்தின் ஏ, பி ஆகிய இரண்டையும் தனித்தனியே விஸ்டார் என்னும் ஆய்வுக்கூட வகை எலிகளுக்குக் கொடுத்து, இரத்த அழுத்தத்திலும் இதய மின்வரைவிலும் சிறுநீரின் அளவிலும் உப்புகளிலும் நிகழும் மாற்றங்களைப் பதிவு செய்தனர். இவையெல்லாம் இந்தப் பகுதியின் நோயாளி கேட்ட கேள்விக்கு இந்தப் பகுதியின் ஆய்வுக்கூடங்கள் தேடித் தந்த விடைகள். தமிழ்நாட்டு மருத்துவ அறிவியல் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க இந்த வரலாறு பொதுமக்களுக்கான நூல்களில் இன்னும் எழுதப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

இதே மண்ணின் இன்னொரு சிறுநீரக எதிரி கண்ணாடிவிரியன். அதன் நஞ்சு இரத்தம் உறையும் ஒழுங்கைக் குலைத்துச் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்கிறது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களிலும் வாழும் இருளர் சமூகத்தின் பாம்பறிவை அடிப்படையாகக் கொண்டு, மாமல்லபுரம் அருகே 1978இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சே, குதிரைகளின் உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, சுண்டெலிகளில் வீரியம் சோதிக்கப்பட்டு, நாடெங்கும் நச்சுமுறி மருந்தாகச் செல்கிறது.

எலியின் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இத்துறையின் மையக் கேள்வி. எலியின் சிறுநீரகத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் நெஃப்ரான்களே உண்டு. அதன் உட்பகுதி ஒரே கூம்பாக அமைந்தது, மனிதனுக்கோ பல கூம்புகள். ஆண் எலியின் ஈரலில் மட்டும் மிகுதியாக உண்டாகும் ஒருவகைப் புரதம், ஆரஞ்சுத் தோலிலுள்ள லிமோனீன் போன்ற பொருள்களோடு சேர்ந்து நுண்குழலில் படிந்து கட்டியை உண்டாக்குகிறது. அப்புரதம் மனிதருக்கு இல்லாததால் அம்முடிவு மனிதருக்குப் பொருந்தாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 1991இல் ஒதுக்கியது. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டை இந்திய வானமே தந்தது. மாடுகளுக்கு வலிநீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் உடலில் சேர்ந்து, அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, இந்தியக் கழுகினங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்ததை 2004இல் வெளியான ஆய்வு நிறுவியது. மாட்டுக்கு உகந்த மருந்து கழுகுக்கு எமனாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கான அம்மருந்து தடைசெய்யப்பட்டது; மனிதருக்கான பெருங்குப்பிகளை மாட்டுக்குத் திருப்பிவிடும் பழக்கத்தைத் தடுக்க 2015இல் வந்த கட்டுப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது.

விலங்காய்வு நோயாளிக்கு நேரடியாக உதவிய இடங்களும் உண்டு. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதால் கைவிடப்படும் நிலையில் இருந்தபோது, மிகுந்த நீரேற்றத்தோடு கொடுத்தால் பாதிப்பு குறைகிறது என்பது 1970களில் நாய்களில் காட்டப்பட்டு, மனிதருக்கும் பயன்பட்டது. இன்று தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளில் அம்மருந்துக்கு முன்னும் பின்னும் ஏற்றப்படும் உப்புநீரின் பின்னே அந்த நாய்கள் இருக்கின்றன. 2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஒழுங்கு அமைப்புகள், எலிகளில் சிறுநீரகப் பாதிப்பைக் கிரியாட்டினினுக்கு முன்பே காட்டக்கூடிய ஏழு சிறுநீர்க் குறியீடுகளை ஏற்றுக்கொண்டது அடுத்த பெரிய அடி.

இவற்றோடு ஒப்பிடுகையில், இந்திய மருந்தியல் கல்லூரிகளில் மிகுதியாக நடைபெறும் ஒருவகை ஆய்வு மனநிறைவு தரவில்லை. 1963இல் கண்டறியப்பட்ட ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை, மனிதருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் கொடுக்கும் இடத்தில் எலிக்கு 80 அல்லது 100 மில்லிகிராம் என்று சில நாள்கள் செலுத்திச் சிறுநீரகத்தைக் கெடுத்து, கூடவே ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்து, பாதிப்பு குறைந்தது என்று முடிப்பது அவ்வாய்வின் வடிவம். மூக்கிரட்டை, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவை இவ்வாறு பலமுறை சோதிக்கப்பட்டுவிட்டன. இவற்றில் மிகச் சிலவே மனிதரிடம் முறையான சோதனைக்குச் சென்றன. பட்டத்துக்காக ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பதற்கு விலங்கின் உயிரைச் செலவிடுவது நியாயமன்று. தேவையான மறுபக்கமோ கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. தமிழகத்தின் கரிசல் நிலங்களில் வளர்ந்து நாட்டு மருத்துவத்திலும் இடம்பெற்ற ஆடுதின்னாப்பாளை, அரிஸ்டோலோக்கியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துத் தாவரம் கலந்த உடல்மெலிவு மருந்தால் பெல்ஜியத்தில் பல பெண்கள் சிறுநீரகம் இழந்த செய்தி 1993இல் வெளிவந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலமே காரணம் என்பதை முயல்களிலும் எலிகளிலும் பின்னர் உறுதிசெய்தனர். மூலிகை காக்கிறதா என்று சோதிக்கும் ஆர்வத்தில் பாதியேனும் மூலிகை கெடுக்கிறதா என்று சோதிப்பதில் இருக்க வேண்டும்.

விலங்குகளின் வலியைச் சட்டத்தின் முன் நிறுத்தியதிலும் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அதன் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. ஆய்வு விலங்குகளை மேற்பார்வையிடும் குழு இச்சட்டத்தின்கீழ் 1964இல் அமைந்தது என்றாலும், கூண்டின் அளவு முதல் ஆய்வின் நியாயம் வரை நெறிக்குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கிய விதிகள் 1998இல்தான் வந்தன. சென்னை புளூ கிராஸ் அமைப்பு தவளை அறுவைக்கு மாற்றாகக் கணினி நிரல் ஒன்றை உருவாக்கியது. ஒடுவந்தழையை ஆராய்ந்த அதே ஜிப்மர் மருந்தியல் துறையிலிருந்து, மாணவர் விலங்கின்றிப் பயில உதவும் எக்ஸ்பார்ம் என்னும் நிரலும் வந்தது. வேண்டிய இடத்தில் எலியை நாடியவர்களே வேண்டாத இடத்தில் அதனை விடுவிக்கவும் முயன்றனர். 2023இல் திருத்தப்பட்ட இந்திய மருந்தாய்வு விதிகள், மனிதச் செல்களையும் சில்லு மீது வளர்த்த உறுப்புத் திசுக்களையும் விலங்குக்கு மாற்றாகப் பயன்படுத்த இடமளிக்கின்றன.

ஆய்வு கண்டறிந்ததை நிர்வாகம் காப்பாற்றாவிட்டால் பயனில்லை என்பதற்கு டைஎத்திலீன் கிளைக்கால் சான்றாகிறது. 1937இல் எலியும் நாயும் காட்டிக்கொடுத்த அந்நச்சு, 1970களின் தொடக்கத்தில் சென்னையில் 14 குழந்தைகளையும், 1986இல் மும்பையில் 14 நோயாளிகளையும் கொன்றது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் அது 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தபோது, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தனர். இறந்தோர் தொகை இருபதைக் கடந்தது. இங்கே புதிய விலங்காய்வு எதுவும் தேவைப்படவில்லை. மூலப்பொருளை ஒருமுறை முறையாகச் சோதித்திருந்தால் போதும்.

ஒடுவந்தழைக்கென்று தனி நச்சுமுறி இன்றும் இல்லை. இரத்தத்தின் அமிலத்தைச் சரிசெய்தல், பொட்டாசியத்தை ஈடுசெய்தல், இதயத்தைக் கண்காணித்தல், மூச்சைத் தாங்குதல் ஆகியவையே சிகிச்சை. உரிய நேரத்தில் சேர்க்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். செயலிழந்த புரோட்டான் பம்பை மீட்கும் மருந்தைத் தேடும் ஆய்வு முண்டியம்பாக்கம், புதுச்சேரி, வேலூர் ஆகிய மூன்று மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேடுகளை ஒன்றிணைத்துத் தொடங்கப்பட வேண்டும். ஜென்டாமைசின் எலிகளுக்குச் செலவாகும் நிதியில் ஒரு பகுதி இதற்குத் திருப்பப்பட வேண்டும். இத்தழையோடு எவரேனும் துன்பத்தில் இருப்பது தெரிந்தால், அவர் நன்றாகப் பேசுகிறாரே என்று காத்திராமல் 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மனம் உடைந்த நிலையில் இருப்பவர்கள் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.